மூச்சு வாங்கும் மலை

கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் எந்தத் தெரு முனையில் நின்று மேற்கே திரும்பினாலும் அந்த மலை கண்ணில் படும். ஊருக்குக் காவல் தெய்வம் போல் உட்கார்ந்திருக்கிறது. கோடையிலும் தலையில் அங்கங்கே வெள்ளைத் திட்டாகப் பனி. பெயர் பைக்ஸ் பீக். உயரம் 14,115 அடி. நம் உதகமண்டலத்துத் தொட்டபெட்டாவின் உச்சியில் நின்று கொண்டு, அதற்கும் மேலே இன்னும் ஐயாயிரத்து நானூறு அடி அண்ணாந்து பார்ப்பதாகக் கற்பனை செய்து கொள்ளுங்கள், அவ்வளவு உயரம். ராக்கி மலைத் தொடரில் இதைக் காட்டிலும் உயர்ந்த சிகரங்கள் பல உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றை எட்ட வேண்டுமானால் கால் நோக நடக்க வேண்டும். இங்கேயோ, மடியில் முறுக்குப் பொட்டலத்தை வைத்துக் கொண்டு, மோட்டாரில் உட்கார்ந்தபடியே உச்சிக்குப் போய்ச் சேர்ந்து விடலாம்.

போய்ச் சேரலாம் என்று சுலபமாகச் சொல்லி விட்டேன். மோட்டாரின் அபிப்பிராயம் வேறு.

மலைப் பாதை மொத்தம் 19 மைல். வெயில் காலத்தில் அந்தப் பாதையோரம் சற்று நின்று பார்த்தால், பளபளவென்று வழுக்கிக் கொண்டு போகும் புதுக் கார்களுக்கு நடுவே, உருண்டை மூக்கும் தவளைக் கண் விளக்குகளுமாக ஒரு பழைய பிக்கப் வண்டி முனகிக் கொண்டு ஏறி வரக் காணலாம். பிக்கப் என்றால் முன்னால் இரண்டு மூன்று பேர் உட்காரும் அறை, பின்னால் திறந்த பெட்டி. நம் கிராமத்தில் மாட்டு வண்டிக்கு உள்ள ஸ்தானம் அமெரிக்கக் குடியானவன் வீட்டில் இந்த வண்டிக்கு. வைக்கோலும் இதிலேதான், விதை மூட்டையும் இதிலேதான், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதும் இதிலேதான். தாத்தா காலத்து வண்டியைப் பேரன் விற்காமல் வைத்திருப்பான். தாத்தாவின் கை பட்டுத் தேய்ந்த அதே ஸ்டியரிங்கைப் பிடித்துக் கொண்டு மலை ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஆசையும் படுவான். அங்கேதான் வருகிறது தகராறு.

மலையின் பூர்வ கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். 1806-ல் ஜெபுலான் பைக் என்ற ராணுவ அதிகாரி இதைக் கண்டு, ஏறிப் பார்க்கப் புறப்பட்டு, நவம்பர் மாதப் பனியில் பாதியிலே திரும்பினார். அன்றிருந்த நிலையில் மனிதப் பிறவி எதுவும் அந்த உச்சியை எட்டியிருக்க முடியாது என்று எழுதியும் வைத்தார். ஏறாதவர் பெயரையே மலைக்கு வைத்தார்கள்! அவர் சொல்லி ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து, 1858 ஆகஸ்டில், ஜூலியா ஆர்ச்சிபால்ட் ஹோம்ஸ் என்ற இருபது வயதுப் பெண் உச்சியில் போய் நின்றாள். அந்தக் காலத்துப் பெண்கள் தரையைப் பெருக்கும் பாவாடை கட்டிக் கொள்வது வழக்கம். அவளோ முழங்கால் வரை குட்டைப் பாவாடையும் கீழே கால்சட்டையும் அணிந்து, ஊராரின் முகச் சுளிப்பைப் பொருட்படுத்தாமல் நடந்தாள். உச்சியில் உட்கார்ந்து தாயாருக்குக் கடிதமும் எழுதினாளாம். பிறகு ஒரு கட்டில் மெத்தை வியாபாரி, சிம்மன்ஸ் என்பவர், கோவேறு கழுதை மேல் ஏறிப் போய் உடம்பெல்லாம் நோவெடுத்துத் திரும்பினார். மெத்தை விற்பவருக்கு அந்த நோவு பொறுக்குமா? பணத்தைப் போட்டுப் பல் சக்கர ரயில் பாதை அமைத்தார். 1891-ல் ரயில் உச்சிக்குப் போயிற்று. 1916-ல் ஸ்பென்சர் பென்ரோஸ் என்ற சுரங்கப் பணக்காரர் மோட்டார்ப் பாதையும் போட்டு, அதே வருஷம் பந்தயமும் நடத்தினார். அன்று முதல் இந்த மலை மோட்டார்களின் பரீட்சைக் கூடமாகி விட்டது.

உச்சிக்குப் போனால் முதலில் தெரிவது காட்சி அல்ல, மூச்சு. நாலு படி ஏறியவுடன் நெஞ்சு அடித்துக் கொள்கிறது. கீழே கடலோரத்தில் ஒரு சதுர அங்குலத்தின் மேல் காற்றின் அழுத்தம் 14.7 பவுண்டு. இங்கே எட்டரை பவுண்டுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். நூற்றுக்கு நாற்பது பங்கு காற்றை யாரோ திருடிக் கொண்டு போய் விட்டதற்குச் சமம். தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்து விடும். கொதிக்கிறதே என்று நம்பித் திறந்த பாத்திரத்தில் பருப்பைப் போட்டால் பொழுது விடியும், பருப்பு வேகாது. இந்த உச்சியில் ஒரு சிற்றுண்டிச் சாலை உண்டு. புதுக் கட்டடம் 2021-ல் திறந்தார்கள். அங்கே விற்கும் டோனட்டுக்குத் தனிப் பெயர். நம் உளுந்து வடை போலவே நடுவில் துளையிட்டு எண்ணெயில் பொரித்தெடுக்கும் பலகாரம், ஆனால் இனிப்பு. அந்த உயரத்துக்கென்றே மாவின் பக்குவத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள். ஆசையாகப் பொட்டலம் கட்டிக் கீழே கொண்டு வந்தால் அது உப்பல் குறைந்து சோர்ந்து போய் விடுகிறது என்று வாங்கியவர்கள் சொல்கிறார்கள்.

மனிதனும் மாவும் படும் பாடே இப்படி என்றால், நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழலும் யந்திரத்தின் கதி என்ன?

1951-ம் வருஷத்து செவர்லே பிக்கப் ஒன்றில் நீங்கள் ஏறி உட்கார்ந்திருப்பதாக வைத்துக் கொள்வோம். ஆறு சிலிண்டர், தொண்ணூறு குதிரை சக்திக்குக் கொஞ்சம் மேலே. சமவெளியில் சாதுவான, உழைப்பாளி வண்டி. மலை ஏற ஏற, ஆயிரம் அடிக்கு நூற்றுக்கு மூன்று பங்கு வீதம் சக்தி வடிந்து கொண்டே வரும். உச்சியை நெருங்கும்போது ஐம்பத்தைந்து குதிரைகள் மிஞ்சினால் அதிகம். மீதிக் குதிரைகள் வழியிலே படுத்து விட்டன!

ஏன் அப்படி? பழைய வண்டியில் பெட்ரோலையும் காற்றையும் கலப்பது கார்புரேட்டர் என்ற சிறு கிண்ணம். கொசுவுக்கும் மூட்டைப் பூச்சிக்கும் மருந்து அடிக்கும் கைப் பம்பு உங்கள் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கலாம். காற்று வேகமாகப் போகிற போக்கில் ஒரு குழாய் வழியே மருந்தை உறிஞ்சித் தூளாக்குகிறது அல்லவா? கார்புரேட்டரும் அதே வித்தைதான். எளிய சாதனம், நல்ல சாதனம். ஆனால் மலை ஏறியிருக்கிறோம் என்கிற செய்தி அதற்குத் தெரியாது. காற்று மெலிந்து விட்டாலும் பெட்ரோலை ஏறக்குறையப் பழைய கணக்கிலேயே வார்த்துக் கொண்டிருக்கும். பம்ப் ஸ்டவ்வில் காற்று குறைந்தால் நீலச் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்குமே, அதே கதை இங்கேயும். வண்டி கரும்புகை விட்டு, இருமி, விக்கி நிற்கும். போதாக்குறைக்கு, அழுத்தம் குறைந்த இடத்தில் பெட்ரோலும் சீக்கிரம் கொதிக்கும். குழாயிலேயே ஆவியாகி அடைத்துக் கொள்ளும். இதற்கு அமெரிக்கர்கள் செய்யும் கை வைத்தியம் வேடிக்கையானது: துணி காயப் போடும் மரக் கிளிப்புகளைப் பெட்ரோல் குழாயில் வரிசையாக மாட்டி விடுவார்கள். குணம் தெரிகிறது என்று சத்தியம் செய்பவர்களும் உண்டு, சிரிப்பவர்களும் உண்டு.

இந்தச் சங்கடத்துக்கு மாற்று மருந்து பரீட்சிக்கப்பட்டதும் இதே மலையில்தான். அதுவும் ஒரு லாரியின் முதுகில்!

முதல் உலக யுத்தம். விமானங்கள் உயரே போகப் போக யந்திரங்கள் சோர்ந்தன. உயரே பறப்பவனுக்கே வெற்றி என்ற நிலையில் இது உயிர்ப் பிரச்னை. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்த ஸான்ஃபோர்ட் மாஸ் என்ற விஞ்ஞானி, யந்திரம் கக்கும் புகையையே வேலைக்காரனாக வைத்துக் கொள்ள நினைத்தார். யோசனையின் வித்து அவருடையதல்ல. ஸ்விட்ஸர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-லேயே இதற்கு உரிமைப் பத்திரம் வாங்கியிருந்தார். ஆனால் மெலிந்த காற்றில் அது பயன்படுமா என்று நிரூபித்துக் காட்ட வேண்டுமே? 1918-ம் வருஷம், லிபர்ட்டி என்ற விமான யந்திரத்தை லாரி ஒன்றில் ஏற்றி, பைக்ஸ் பீக் உச்சிக்கே கொண்டு போனார் மாஸ். கீழே 350 குதிரை சக்தி காட்டிய யந்திரம் உச்சியில் 230-க்கு இறங்கி விட்டது. தம் கருவியைப் பூட்டி முடுக்கினார். 356! மலை பறித்துக் கொண்டதைத் திரும்பப் பெற்று, மேற்கொண்டு ஆறு குதிரையும் கொசுறு.

அந்தக் கருவியின் பெயர்தான் டர்போசார்ஜர். தத்துவம் அடுப்படி சமாசாரம். சிலிண்டரில் எரிந்து முடிந்த புகை, சூடாகவும் வேகமாகவும் வெளியே பாய்கிறது. சாதாரணமாக அது வீண். அதன் வழியில் உள்ளங்கை அளவு காற்றாடி ஒன்றை வைத்து விட்டால், அது நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்குக் கூடப் போகும். அதே அச்சின் மறு முனையில் இன்னொரு காற்றாடி. அது வெளிக் காற்றை வாரி எடுத்து அமுக்கி சிலிண்டருக்குள் திணிக்கும். பம்ப் ஸ்டவ்வுக்கு அதன் புகையே பம்பு அடித்து விடுகிறது என்று சொன்னால் விளங்கும். 1920 பிப்ரவரியில் மேஜர் ஷ்ரோடர் என்பவர் இந்தக் கருவி பூட்டிய விமானத்தில் 33,000 அடிக்கு மேலே பறந்தார். யந்திரத்துக்கு மூச்சு இருந்தது, மனிதருக்கு இல்லை. பிராணவாயு தீர்ந்து, கண்கள் உறைந்து, நினைவிழந்தார். விமானம் ஐந்தாறு மைல் தூரம் கீழே பாய்ந்த பிறகு எப்படியோ சமாளித்து இறங்கி உயிர் தப்பினார்.

சொந்தக் கார்களுக்கு டர்போசார்ஜர் வந்தது 1962-ல். ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற அந்நாளைய கார் ஒன்றில், யந்திரம் சூடேறிச் சேதமாகாமல் இருக்கத் தண்ணீரும் மெத்தனால் சாராயமும் கலந்த திரவத்தைத் தனிப் புட்டியில் அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தது. வாங்கியவர்கள் ஊற்ற மறந்தார்கள். பாத்திரம் கழுவும் சோப்பு தீர்ந்தால் கூட ஞாபகம் இருக்கிறது. இது யாருக்கு ஞாபகம் இருக்கும்? அடுத்த வருஷத்தோடு அந்த மாடலே நின்றது.

இனி நம் பழைய பிக்கப்புக்கு வருவோம். டர்போவும், கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இஞ்செக்ஷனும் பொருத்த ஆசைப்படுகிறவர் முதலில் கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி, வண்டியின் எலும்பு தாங்குமா என்பது. 1951-ம் வருஷத்து செவர்லே யந்திரத்தில் பேரிங்குகள் ஈயம் போல் மிருதுவான உலோகத்தை வார்த்துச் செய்தவை. எண்ணெயோ, கரண்டியால் மொண்டு தெளிக்கிற பாணி. சமவெளியில் நிதானமாக ஓட இது போதும். டர்போவைப் பூட்டினால் எலும்பு நொறுங்கும். லட்சம் சுற்று சுற்றும் காற்றாடியின் அச்சுக்கோ, அழுத்தத்தோடு எண்ணெய் பாய்ந்து கொண்டே இருக்க வேண்டும். ஆகவே விஷயம் தெரிந்தவர்கள், அதே குடும்பத்தில் பிறந்த தம்பி யந்திரம் ஒன்றைத் தேடிப் பிடிக்கிறார்கள். 1954 முதல் பிக்கப்பில் வந்த 235 கன அங்குல யந்திரத்தில் பேரிங்கும் எண்ணெய் ஓட்டமும் திருந்தியிருந்தன. மூஞ்சி அதே மூஞ்சி. பானெட்டைத் திறந்து பார்த்தாலும் தாத்தா திடுக்கிட மாட்டார்.

அடுத்தது பெட்ரோல். இந்த வண்டிகளில் பெட்ரோல் தொட்டி டிரைவர் ஆசனத்துக்குப் பின்னால், அறைக்குள்ளேயே இருக்கிறது! எழுபது வருஷத்துத் துரு அடியில் மண்டியிருக்கும். பழைய பம்பு நாலைந்து பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோலை அனுப்பும். இஞ்செக்ஷனுக்கு நாற்பது பவுண்டுக்கு மேல் வேண்டும்; ஊசி முனைத் துளைகளில் துரு ஒரு துணுக்கு சிக்கினாலும் போயிற்று. தொட்டியைச் சுத்தமாகக் கழுவி உள்பூச்சுப் பூசாமல் எதுவும் செய்யக் கூடாது. குழாய்களும் புதிது, மின்சாரப் பம்பும் புதிது. இதில் சிக்கனம் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் பெட்ரோல் கசியும். அது விளையாட்டல்ல.

இஞ்செக்ஷனின் சாமர்த்தியம் அதன் நாக்கில் இருக்கிறது. புகைக் குழாயில் திருகிய ஒரு சிறு உணர்வுக் கருவி, எரிந்த பிறகு பிராணவாயு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று விநாடிக்கு விநாடி ருசி பார்த்துச் சொல்லும். ரசத்தை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, உப்பு போதும் போதாது என்று சொல்கிற கை தேர்ந்த அம்மாளைப் போல. அந்தச் செய்தியையும் காற்றின் அழுத்தத்தையும் வைத்துக் கொண்டு கம்ப்யூட்டர் பெட்டி பெட்ரோலைச் சொட்டுக் கணக்கில் விடும். மலை ஏறினால் குறைக்கும், டர்போ காற்றைத் திணித்தால் கூட்டும். டர்போ மாத்திரம் இருந்து பெட்ரோல் கணக்கு தவறினால் பிஸ்டனே உருகி விடும். அதனால்தான் இரண்டையும் ஜோடியாகச் சேர்ப்பது.

எவ்வளவு திணிப்பது? இங்கே ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மலை பறித்துக் கொள்ளும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஆறு பவுண்டு. கிழ யந்திரம் ஒன்று பத்திரமாகத் தாங்கக் கூடிய டர்போ அழுத்தமும் ஐந்து, ஆறு பவுண்டுதான். அமுக்கிய காற்று சூடேறும், அதை ஒரு குளிர்விக்கும் பெட்டி வழியே அனுப்ப வேண்டும். அப்படிச் செய்தால் 14,000 அடி உயரத்தில் அந்த வண்டி ஏறக்குறையக் கடற்கரைக் காற்றைச் சுவாசிக்கும். பேராசை இல்லை. பறிபோனதைக் கேட்டு வாங்குவது, அவ்வளவே.

இதெல்லாம் பாவம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அசலான திருகாணி ஒன்றைக் கூட மாற்றலாகாது. மாற்றினால் அது தாத்தாவின் வண்டியே அல்ல என்பது அவர்கள் கட்சி. கேட்கும்போது நியாயமாகவே படுகிறது. ஆனால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? பாட்டியின் பட்டுப் புடவையில் துணி நைந்து போனால் ஜரிகைக் கரையைப் பிரித்துப் புதுத் துணியில் வைத்துத் தைக்கிறோம். பேத்தி அதைக் கட்டிக் கொண்டு மணையில் உட்காருகிறாள். பாட்டி புடவை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கொட்டகையில் துணி போர்த்தி வைத்த வண்டியைக் காட்டிலும், மாற்றிக் கட்டிய இருதயத்தோடு மலை ஏறும் வண்டி மேல் என்பது என் கட்சி. ஒன்று மட்டும்: கழற்றின பாகங்களைப் பழைய இரும்புக்குப் போடாமல் எண்ணெய் தடவி எடுத்து வைக்க வேண்டும்.

இந்த ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் பைக்ஸ் பீக்கிலேயே சாட்சி உண்டு. பந்தயப் பாதை 12.42 மைல், 156 வளைவுகள். தொடங்கும் இடமே 9,390 அடி, தொட்டபெட்டாவைத் தாண்டியாயிற்று! கலிபோர்னியாவில் ஒரு பட்டறையில், துருப்பிடித்த 1949-ம் வருஷத்து ஃபோர்டு எஃப்-1 பிக்கப்புக்குக் கம்மின்ஸ் டீஸல் யந்திரமும் டர்போக்களும் பூட்டி, ஆயிரம் குதிரை சக்திக்கு மேல் ஏற்றி, ‘ஓல்ட் ஸ்மோக்கி’ என்று பெயரிட்டார்கள். 2020-ல் அது 11 நிமிஷம் 24 விநாடியில் ஏறி டீஸல் வண்டிகளுக்குள் புதிய சாதனை செய்தது. வெளியே சுரண்டிய வர்ணம் சுரண்டியபடியே இருக்க, கரும்புகை ஆகாயத்தை முட்ட!

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்த நேரத்தை வேறொரு நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1985-ல் பிரான்ஸ் தேசத்து மிஷேல் மூட்டான் என்ற பெண்மணி, டர்போவும் இஞ்செக்ஷனும் கொண்ட ஆடி காரில் இதே மலையை 11 நிமிஷம் 25 விநாடியில் ஏறினார். ஆண்கள் வைத்திருந்த சாதனை முறிந்தது. மொத்தப் பந்தயத்தையும் வென்ற முதல் பெண் அவர். அப்போது பாதை தார் காணாதது. சக்கரம் சறுக்கும் சரளைக் கல். ஓரத்தில் தடுப்புக் கட்டை இல்லாத இடங்களில் கீழே பார்த்தால் மேகந்தான் தெரியும். பாதை முழுவதும் தாராகியது 2011-ல். வெறும் ஒரு விநாடி வித்தியாசத்துக்குள் எவ்வளவு வித்தியாசம்!

2018-ல் மின்சாரக் கார் ஒன்று எட்டு நிமிஷத்துக்குள்ளாகவே ஏறி விட்டது. அதற்கு மூச்சுத் திணறல் கிடையாது. மூச்சே விடாத வண்டிக்குத் திணறல் ஏது?

ஏறியவர்கள் இறங்கியாக வேண்டும். டர்போவால் இங்கே ஒரு காசு பிரயோஜனமில்லை. பழைய பிக்கப்பின் பிரேக் அந்தக் காலத்து டிரம் பிரேக். புதுச் சக்தியைப் பூட்டிய உற்சாகத்தில் இதை அப்படியே விட்டு விடுகிறவர்கள் பலர். நானாக இருந்தால் முதல் செலவை முன் சக்கரத்து டிஸ்க் பிரேக்குக்கே செய்வேன். டர்போவை அடுத்த வருஷம் பார்த்துக் கொள்ளலாம். கியரைக் குறைத்து யந்திரத்தின் பிடியிலே இறங்க வேண்டும். தெரியாதவர்கள் பிரேக்கை மிதித்த கால் மிதித்தபடியே வருவார்கள். பாதி வழியில், கிளென் கோவ் என்ற இடத்தில், சிப்பந்திகள் இறங்கி வரும் வண்டிகளை நிறுத்தி பிரேக்கின் சூட்டை அளந்து பார்க்கிறார்கள். புது வண்டி, பழைய வண்டி என்ற பாரபட்சம் கிடையாது. சூடு அதிகமாக இருந்தால் ஓரமாக நிறுத்தி, ஆறும் வரை காத்திருக்கச் சொல்லி விடுவார்கள். பக்கத்திலேயே காப்பி கிடைக்கிறது. முறுக்குப் பொட்டலத்தை அங்கே பிரித்துக் கொள்ளலாம்.